ரெகெக்ஸ் வைத்து லிங்க் எடுக்கலாமா?

ஒரு இணையப் பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட வேண்டும். புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் வேலைகளில் இது ஒன்று. யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "ஒரே வரி ரெகெக்ஸ், வேலை முடிஞ்சுது" என்பார் ஒருவர். (ரெகெக்ஸ் என்பது எழுத்து வரிசையில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீட்டு முறை, எச்டிஎம்எல் என்பது இணையப் பக்கங்களை எழுதும் முறை. இரண்டையும் கீழே விரிவாகப் பார்ப்போம்.) "எச்டிஎம்எல்லை ரெகெக்ஸால் தொடவே கூடாது" என்பார் இன்னொருவர். அந்த ஒரு வரியை எந்த மாதிரிப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார் என்பதை முதலாமவர் சொல்வதில்லை. ஏன் தொடக்கூடாது என்று இரண்டாமவரிடம் கேட்டால், பெரும்பாலும் இந்த வேலைக்குப் பொருந்தாத காரணம் ஒன்றைச் சொல்வார்.

அந்த "ஏன்" என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். புரோகிராமிங் கொஞ்சம் பழக்கமிருந்தால் போதும், ரெகெக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: உதாரண வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஏ, எச்ரெஃப், \எஸ் எல்லாம் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும்.

## பக்கத்துக்குள் லிங்க் எப்படி இருக்கிறது

பிரவுசரில் நாம் பார்ப்பது எழுத்தும் படமும் அழகாக அடுக்கப்பட்ட ஒரு பக்கம். சர்வரிலிருந்து வந்து இறங்குவது அதுவல்ல, வெறும் எழுத்து வரிசை. அந்த வரிசையில் எது தலைப்பு, எது பத்தி, எது லிங்க் என்று அடையாளம் போட்டுக் காட்டும் முறைதான் எச்டிஎம்எல். செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது அது. 1991இல் அவர் எழுதிவைத்த பட்டியலில் இருபதுக்கும் குறைவான அடையாளங்களே இருந்தன. லிங்க்குக்கான அடையாளம் அப்போதே அதில் உண்டு. இன்றைக்கும் அதேதான்:

<ஏ எச்ரெஃப்="/கதை/மழை" கிளாஸ்="பெரிது">மழைக் கதை</ஏ>

கோணக் குறிகளுக்குள் அடங்கியிருப்பதை டேக் என்பார்கள். தொடக்கத்தில் ஒரு திறக்கும் டேக், முடிவில் சாய்கோடு போட்ட ஒரு மூடும் டேக். நடுவில் இருக்கும் "மழைக் கதை" என்பதுதான் வாசகர் கண்ணில் படும். திறக்கும் டேக்கின் உள்ளே எச்ரெஃப், கிளாஸ் என்று இரண்டு கூடுதல் தகவல்கள் இருக்கின்றன இல்லையா, அவை ஆட்ரிபியூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. நாம் தேடுவது எச்ரெஃப் என்ற ஆட்ரிபியூட்டின் மதிப்பை. மேலே உள்ள வரியில் அது /கதை/மழை.

## ரெகெக்ஸுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

ஒருவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவரிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து, "இதில் இருக்கும் போன் நம்பர்களை எல்லாம் எழுதிக் கொடுங்கள், தொடர்ந்து பத்து இலக்கம் வந்தால் அது போன் நம்பர்" என்று சொல்கிறோம். மனிதர் சளைக்காதவர். ஒரு பக்கம் விடாமல் புரட்டி, பத்து இலக்கம் வந்த இடத்தை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவார். வேகத்திலும் குறை இல்லை. ஆனால் "இது பழைய நம்பர், கூப்பிடாதே" என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அவருக்குத் தெரியாது. ஒரு ரசீது எண்ணும் பத்து இலக்கமாக இருந்தால் அதையும் எழுதிவிடுவார். நடுவில் இடைவெளி விட்டு எழுதிய நம்பரைத் தாண்டிப் போய்விடுவார். நாம் சொன்னபடி அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். வடிவத்தை மட்டும் சொல்லிவிட்டு, பொருளும் தெரியும் என்று நாம் எதிர்பார்த்ததுதான் சிக்கல்.

ரெகெக்ஸ் அந்த மனிதர் மாதிரி. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதன் சுருக்கம். எழுத்துகள் இன்ன வடிவத்தில் வரிசையாக வந்தால் எடு என்று கணினிக்குச் சொல்லும் ஒரு குறியீட்டு முறை. அப்படி எழுதும் வடிவத்தைப் பேட்டர்ன் என்பார்கள். கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950களில் நரம்பு வலைகளின் கணித மாதிரியை ஆராயும்போது உருவாக்கிய கருத்து இது. இணையத்தோடு அதற்கு அப்போது எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அதை எழுத்துத் தேடலுக்குக் கொண்டுவந்தவர் கென் தாம்சன். அவருடைய 1968 கட்டுரைக்குப் பிறகு யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவிகள் வழியாக அது ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளுக்கும் பரவியது.

நமக்குத் தேவையான குறிகள் ஐந்தாறுதான். புள்ளி (.) என்றால் ஏதாவது ஒரு எழுத்து. நட்சத்திரம் (*) என்றால் அதற்கு முன்னால் இருப்பது எத்தனை தடவை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கூட்டல் குறி (+) என்றால் குறைந்தது ஒரு தடவையாவது வர வேண்டும். சதுர அடைப்பு [ ] என்றால் உள்ளே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று; உள்ளே முதலில் ^ போட்டால் அவற்றைத் தவிர வேறு எதுவும். வளைந்த அடைப்பு ( ) போட்டால் அதற்குள் சிக்கியதைத் தனியாக எடுத்துக் கொடுக்கும். \எஸ் என்றால் இடைவெளி, வரிமுறிவு மாதிரியான வெற்றிடம். இவ்வளவு போதும்.

## முதல் பேட்டர்னும் அதன் பேராசையும்

மதிப்பு இரட்டை மேற்கோளுக்குள் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது:

எச்ரெஃப்="(.*)"

எச்ரெஃப், சமக்குறி, மேற்கோள், அப்புறம் எது வேண்டுமானாலும், மறுபடி மேற்கோள். படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. இந்த வரியில் ஓட்டிப் பார்ப்போம்:

<ஏ எச்ரெஃப்="/கதை">கதை</ஏ> <ஏ எச்ரெஃப்="/கவிதை">கவிதை</ஏ>

இரண்டு லிங்க் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது ஒன்றுதான், அதுவும் இப்படி:

/கதை">கதை</ஏ> <ஏ எச்ரெஃப்="/கவிதை

என்ன நடந்தது என்பதை மெதுவாகப் பார்த்தால் ரெகெக்ஸின் குணமே பிடிபட்டுவிடும். முதல் எச்ரெஃப்=" கிடைத்ததும் .* வேலையைத் தொடங்குகிறது. நட்சத்திரத்துக்கு இயல்பாகவே பேராசை. எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் விழுங்கும். புள்ளிக்கு மேற்கோள் குறியும் ஓர் எழுத்துதான் என்பதால் அங்கே நிற்காமல் வரியின் கடைசிவரை போய்விடுகிறது. போன பிறகுதான், பேட்டர்னில் இன்னும் ஒரு மேற்கோள் பாக்கி இருப்பது தெரியவருகிறது. ஆகவே விழுங்கியதை ஒவ்வொரு எழுத்தாகத் துப்பிக்கொண்டே பின்னால் வருகிறது. வழியில் முதலில் எதிர்ப்படும் மேற்கோள் எது? வரியில் கடைசியாக இருப்பது, அதாவது /கவிதைக்குப் பிறகு வருவது. அங்கே திருப்தியாகி நின்றுவிடுகிறது.

இப்படித் துப்பிக்கொண்டே பின்னால் வருவதற்குப் பேக்டிராக்கிங் என்று பெயர். இந்தச் சொல் பிறகும் வரும்.

வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுவது:

எச்ரெஃப்="(.*?)"

இப்போது பேராசை சோம்பலாகிவிடும். எவ்வளவு குறைவாக எடுத்தால் போதுமோ அவ்வளவுதான் எடுக்கும், முதல் மேற்கோளிலேயே நிற்கும். இரண்டு லிங்க்குகளும் தனித்தனியாக வந்துவிடும். பாதிப் பாடங்கள் இதோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு இந்த மருந்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சோம்பல் என்றால் மேற்கோளைத் தாண்டாது என்று பொருளில்லை. தாண்டத் தேவை வந்தால் தாண்டும். யாராவது பேட்டர்னின் முடிவில் ஒரு கோணக் குறியைச் சேர்த்து எச்ரெஃப்="(.*?)"> என்று எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்த்த மழைக் கதை லிங்க்கில் எச்ரெஃப்புக்குப் பிறகு கிளாஸ் இருந்தது. அங்கே மேற்கோளுக்கு அடுத்தே கோணக் குறி வராததால், சோம்பேறி எழுந்து நடந்து /கதை/மழை" கிளாஸ்="பெரிது என்பது வரை மொத்தமாக எடுத்துக் கொடுக்கும்.

சரியான மருந்து வேறு. நாம் மனதில் நினைப்பது "ஏதாவது ஓர் எழுத்து" என்பதல்ல, "மேற்கோள் தவிர ஏதாவது ஓர் எழுத்து". நினைப்பதையே எழுதினால் போதும்:

எச்ரெஃப்="([^"]*)"

இதற்கு மேற்கோளைத் தாண்டும் வழியே இல்லை. பேராசையோ சோம்பலோ, எப்படி ஓடினாலும் சரி. கூடவே ஒரு லாபம்: புள்ளி பொதுவாக வரிமுறிவைத் தாண்டாது, [^"] தாண்டும். முகவரிக்கு நடுவே வரி உடைந்திருந்தாலும் எடுத்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், லிங்க் என்பது எச்ரெஃப் ஆட்ரிபியூட்டின் மதிப்பு, ரெகெக்ஸ் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை வடிவத்திலேயே சொல்லிவிட்டால் அது தடுமாறாது.

## உலகின் முதல் பக்கத்திலேயே தோற்கும் பேட்டர்ன்

நம்முடைய பேட்டர்ன் இப்போது ஒழுங்காக இருக்கிறது. லிங்க் டேக்கில் இருக்கும் எச்ரெஃப் மட்டும் வேண்டும் என்பதால் முன்னால் ஏ டேக்கையும் சேர்த்துக்கொள்வோம்:

<ஏ எச்ரெஃப்="([^"]*)"

இதை எங்கே சோதிக்கலாம்? செர்ன் பாதுகாத்து வைத்திருக்கும் முதல் இணையத்தளத்தின் முகப்புப் பக்கத்தில் சோதிக்கலாம். அதன் முதல் வாக்கியத்திலேயே ஒரு லிங்க் இருக்கிறது. மூலத்தைத் திறந்து பார்த்தால் அந்த டேக் மூன்று விதத்தில் நம்மை ஏமாற்றுகிறது. டேக்கின் பெயரும் ஆட்ரிபியூட்டின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஏ என்ற எழுத்துக்குப் பிறகு இடைவெளிக்குப் பதிலாக வரி உடைந்திருக்கிறது. எச்ரெஃப்புக்கு முன்னால் நேம்=0 என்று இன்னொரு ஆட்ரிபியூட் நிற்கிறது, அதன் மதிப்புக்கு மேற்கோளும் கிடையாது. நம் பேட்டர்ன் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

இதில் எதுவும் பிழை இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எச்டிஎம்எல்லில் டேக், ஆட்ரிபியூட் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆட்ரிபியூட்டுகள் எந்த வரிசையிலும் வரலாம். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடலாம். மதிப்பை இரட்டை மேற்கோளிலும் போடலாம், ஒற்றை மேற்கோளிலும் போடலாம், மதிப்பில் இடைவெளியோ மேற்கோள் மாதிரியான சில குறிகளோ இல்லாவிட்டால் மேற்கோளே இல்லாமலும் எழுதலாம். பிரவுசருக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்று ரெகெக்ஸுக்கு ஒரு தனி ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போட்டுவிடலாம். மற்றவற்றுக்கு:

<ஏ\எஸ்[^>]*?எச்ரெஃப்\எஸ்*=\எஸ்*(?:"([^"]*)"|'([^']*)'|([^\எஸ்>]+))

பார்க்கப் பயமாக இருந்தாலும் இடமிருந்து வலமாகப் படித்தால் புரிந்துவிடும். ஏ டேக், ஒரு வெற்றிடம், டேக் முடியும்வரை எது வேண்டுமானாலும், எச்ரெஃப், தேவையானால் இடைவெளி, சமக்குறி, தேவையானால் இடைவெளி. அதன் பிறகு நெடுங்கோடு (|) பிரிக்கும் மூன்று வாய்ப்புகள்: இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள், மேற்கோள் இல்லாதது. அடைப்புக்குள் முதலில் இருக்கும் ?: என்பது "இதைச் சேர்த்துவை, ஆனால் தனியாக எடுத்துக் கொடுக்காதே" என்று சொல்வது.

ஏ எழுத்துக்குப் பின்னால் வெற்றிடம் கட்டாயம் என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் அதே எழுத்தில் தொடங்கும் ஆர்ட்டிக்கிள், ஆடியோ, அட்ரஸ் போன்ற டேக்குகளும் உள்ளே நுழைந்துவிடும்.

இந்தப் பேட்டர்ன் முதல் பக்கத்து லிங்க்கையும் பிடிக்கும், இன்றைய பக்கங்களில் பெரும்பாலானவற்றையும் பிடிக்கும். இங்கேதான் பலர் வெற்றி என்று நினைத்து எழுந்துவிடுகிறார்கள்.

## வடிவம் சரி, இருக்கும் இடம் தவறு

இதுவரை வந்த சிக்கல்கள் எல்லாம் ஒரே வகை. லிங்க் இருக்கிறது, பேட்டர்னுக்குத் தெரியவில்லை. அவற்றைத் தைத்துத் தைத்துச் சரிசெய்துவிடலாம். அடுத்த வகைதான் தலைவலி. லிங்க் மாதிரியே ஒன்று இருக்கும், ஆனால் அது லிங்க் இல்லை.

<!-- <ஏ எச்ரெஃப்="/பழைய-பக்கம்">பழையது</ஏ> -->

இது கமெண்ட். பக்கத்தை எழுதியவர் தனக்காக வைத்துக்கொண்ட குறிப்பு, அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த பகுதி. பிரவுசர் இதைக் காட்டாது. நம் பேட்டர்ன் குதூகலமாக எடுத்துக் கொடுக்கும். டைரியில் "கூப்பிடாதே" என்று எழுதியிருந்த நம்பர் இதுதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கும் பகுதியில் இப்படி ஒரு வரி சர்வ சாதாரணம்:

வரி = '<ஏ எச்ரெஃப்="' + முகவரி + '">படிக்க</ஏ>';

இங்கே லிங்க் எதுவும் இல்லை. ஒரு லிங்க்கை உருவாக்கும் நிரல்தான் இருக்கிறது. நம் பேட்டர்ன் இரட்டை மேற்கோளிலிருந்து அடுத்த இரட்டை மேற்கோள் வரை எடுத்து ' + முகவரி + ' என்பதை ஒரு முகவரியாகக் கையில் கொடுக்கும். இணையத்தில் அலைந்து பக்கங்களைச் சேகரிக்கும் அரைகுறை ரோபோக்கள், கூட்டல் குறியும் மேற்கோளும் நிறைந்த, உண்மையில் இல்லவே இல்லாத முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பல சர்வர் லாகுகளில் (வந்த கோரிக்கைகளின் பதிவேடுகளில்) பார்க்கலாம். பல சமயம் பின்னணி இதுதான்.

டேக்குக்கு உள்ளேயே கூட இந்தக் குழப்பம் வரும். டேட்டா-எச்ரெஃப் என்று ஒரு ஆட்ரிபியூட்டைப் பக்கத்தை எழுதுகிறவர் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். அது லிங்க் அல்ல, ஆனால் அதன் வாலில் எச்ரெஃப் இருப்பதால் பேட்டர்ன் பிடித்துக்கொள்ளும். டைட்டில்="5 > 3" என்று ஓர் ஆட்ரிபியூட் முன்னால் இருந்தால், மேற்கோளுக்குள் இருக்கும் அந்தக் கோணக் குறியை டேக்கின் முடிவு என்று நினைத்து, பின்னால் வரும் உண்மையான எச்ரெஃப்பைப் பார்க்காமலே போய்விடும். மேற்கோளுக்குள் அந்தக் குறி வருவதை எச்டிஎம்எல் அனுமதிக்கிறது.

இப்போது இரண்டாமவர் சொல்லும் காரணத்துக்கு வருவோம். "எச்டிஎம்எல்லில் டேக்குக்குள் டேக் அடுக்கடுக்காக வரும், ரெகெக்ஸால் அடுக்கை எண்ண முடியாது, அதனால்தான் கூடாது" என்பது அவர் வாதம். கருத்து உண்மை. எத்தனை அடுக்கு திறந்தது, அத்தனையும் மூடியதா என்று சரிபார்ப்பது கிளீனி வகுத்த ரெகெக்ஸின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் லிங்க் எடுப்பதற்கு அடுக்கை எண்ண வேண்டிய தேவையே இல்லை. நமக்கு வேண்டியது திறக்கும் டேக் ஒன்றுதான், அதன் உள்ளே வேறு டேக் வராது. ஒரு லிங்க்குக்குள் இன்னொரு லிங்க் வருவதையும் எச்டிஎம்எல் அனுமதிப்பதில்லை.

உண்மையான சிக்கல் அடுக்கு அல்ல, இடம். ஒரே எழுத்து வரிசை சாதாரண இடத்தில் லிங்க், கமெண்டுக்குள் வெறும் குறிப்பு, ஸ்கிரிப்டுக்குள் நிரலின் துண்டு, இன்னொரு ஆட்ரிபியூட்டின் மேற்கோளுக்குள் வெறும் எழுத்து. "நான் இப்போது எதற்குள் நிற்கிறேன்" என்று தெரியாத எந்தத் தேடலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. நடுவில் எங்கோ குதித்து வடிவத்தைத் தேடும் பேட்டர்னுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

"முதலில் கமெண்டுகளை எல்லாம் ஒரு ரெகெக்ஸால் அழித்துவிட்டு, அப்புறம் லிங்க் தேடினால்?" நல்ல கேள்வி. ஸ்கிரிப்டுக்குள் ஒரு மேற்கோளில் கமெண்ட் தொடக்கக் குறி இருந்தால், அங்கிருந்து அடுத்த கமெண்ட் முடியும்வரை பக்கத்தின் பாதி காணாமல் போகும். சரி, ஸ்கிரிப்டை முதலில் அழிக்கலாம் என்றால், கமெண்டுக்குள் ஒரு ஸ்கிரிப்ட் டேக் திறந்து மூடாமல் கிடந்தால் அதே கதை. எதை முதலில் அழிப்பது என்பதற்கு விடை கிடையாது. பக்கத்தின் தொடக்கத்திலிருந்து நடந்து வந்து, எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதற்குள் போய், அது முடிந்த பிறகு வெளியே வருவதுதான் ஒரே வழி.

அப்படி நடப்பதையும் ரெகெக்ஸால் எழுதலாம். கமெண்ட், ஸ்கிரிப்ட், திறக்கும் டேக் மூன்றையும் நெடுங்கோடால் பிரித்து ஒரே பேட்டர்னாக்கி, முதலிலிருந்து ஓட்டினால் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்டால் நாம் எழுதிக்கொண்டிருப்பது ஒரு பார்சரை. அதுவும் மற்றவர்கள் வருடக்கணக்கில் சோதித்துவைத்த ஒன்றை, சோதிக்காமல்.

## பார்சர் என்ன செய்கிறது

பார்சர் என்பது எழுத்து வரிசையை அதன் இலக்கணப்படி படித்து, எது எதற்குள் இருக்கிறது என்று பிரித்துக் கொடுக்கும் நிரல். ஒவ்வொரு பிரவுசருக்குள்ளும் ஒன்று இருக்கிறது. எச்டிஎம்எல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்பது இன்றைய தரநிலையில் எழுத்துக்கு எழுத்து வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் பாதியில் வேலை செய்யும் பகுதிக்குச் சுமார் 80 நிலைகள் உண்டு. "சாதாரண எழுத்து படிக்கிறேன்", "டேக் இப்போதுதான் திறந்தது", "ஆட்ரிபியூட் பெயர் படிக்கிறேன்", "இரட்டை மேற்கோளுக்குள் மதிப்பு படிக்கிறேன்", "கமெண்டுக்குள் இருக்கிறேன்" என்ற மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு நிலை. அடுத்த எழுத்து எது என்பதைப் பொறுத்து அதே நிலையில் நீடிக்கும், அல்லது வேறு நிலைக்கு மாறும்.

டைட்டில்="5 > 3" என்பதை இது எப்படிப் படிக்கும் என்று பாருங்கள். மேற்கோள் வந்ததும் "இரட்டை மேற்கோளுக்குள்" என்ற நிலைக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் கோணக் குறிக்கு எந்தத் தனி மரியாதையும் கிடையாது, அதுவும் மதிப்பின் ஓர் எழுத்துதான். மூடும் மேற்கோள் வந்தால்தான் வெளியே வரும். கமெண்டுக்குள்ளும் அப்படித்தான், எச்ரெஃப் என்ற சொல் ஆயிரம் முறை வந்தாலும் அசையாது.

இதைப் பயன்படுத்துவது ரெகெக்ஸை விடச் சுலபம் என்பதுதான் வேடிக்கை. பைத்தானில் பியூட்டிஃபுல் சூப் என்ற நூலகத்தைப் போட்டுக்கொண்டால் லிங்க் எடுக்கும் வரி இவ்வளவுதான்:

சூப்.ஃபைண்ட்_ஆல்("ஏ", எச்ரெஃப்=ட்ரூ)

எச்ரெஃப் உள்ள ஏ டேக்குகளை எல்லாம் கொடு என்று பொருள். கூடுதல் நூலகம் வேண்டாம் என்றால் பைத்தானோடு வரும் எச்டிஎம்எல் பார்சர் போதும். ஜாவாவுக்கு ஜேசூப் இருக்கிறது. பிரவுசருக்குள்ளேயே என்றால் கன்சோலைத் திறந்து டாக்குமெண்ட்.லிங்க்ஸ் என்று அடித்தால் பட்டியல் வந்துவிடும்.

## நடுவில் ஒரு எச்சரிக்கை: நின்றுபோகும் பேட்டர்ன்

பேக்டிராக்கிங் பற்றி முன்பு பார்த்தோம். ஒரு நட்சத்திரம் பின்னால் வந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று நட்சத்திரங்கள் அடுத்தடுத்து இருந்து, ஒன்று விழுங்கியதை இன்னொன்றும் விழுங்கக்கூடியதாக இருந்தால், பொருத்தம் கிடைக்காத வரியில் ரெகெக்ஸ் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கும். வரி நீளமானால் முயற்சிகள் பெருகிக்கொண்டே போகும், சில பேட்டர்ன்களில் கட்டுக்கடங்காமல். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர்கள் உலகெங்கும் திணறி, அதை நம்பியிருந்த தளங்கள் சுமார் 27 நிமிடம் திறக்காமல் போனதற்குக் காரணம், புதிதாகச் சேர்த்த ஒரு பாதுகாப்பு விதியில் அடுத்தடுத்து .* வந்த ஒரு பேட்டர்ன்தான்.

முன்பின் தெரியாத பக்கத்தை நம் ரெகெக்ஸுக்குக் கொடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. கோ மொழியிலும் ரஸ்ட் மொழியிலும் வழக்கமாகப் பயன்படும் ரெகெக்ஸ் நூலகங்கள் பேக்டிராக்கிங் முறையில் இயங்குவதில்லை என்பதால் இந்தப் பொறியில் சிக்காது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமாகக் கிடைப்பவை சிக்கும்.

## எடுத்த மதிப்பு இன்னும் முகவரி ஆகவில்லை

ரெகெக்ஸோ பார்சரோ, எதில் எடுத்தாலும் கைக்கு வருவது பக்கத்தில் எழுதியிருந்த துண்டு. அதை நேராகப் பிரவுசரில் போட்டால் பல சமயம் திறக்காது.

எச்டிஎம்எல்லில் & என்ற குறிக்குத் தனி வேலை இருப்பதால், முகவரிக்குள் அது வரும்போது &ஏஎம்பி; என்று எழுதுவது முறை. /தேடு?சொல்=மழை&ஏஎம்பி;பக்கம்=2 என்று பக்கத்தில் இருந்தால், உண்மையான முகவரியில் இருப்பது வெறும் & மட்டும். பார்சர் இதை மாற்றித் தந்துவிடும். ரெகெக்ஸ் இருந்தபடியே தரும்; அப்படியே அனுப்பினால் சர்வர் பக்கம் என்பதற்குப் பதிலாக ஏஎம்பி;பக்கம் என்று ஒன்றைக் கேட்கிறோம் என்று நினைத்து, எப்போதும் முதல் பக்கத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியும் வராது. கண்டுபிடிக்க நேரமாகும் வகைப் பிழை.

அடுத்து, அரைகுறை முகவரிகள். /செய்தி/2024/மழை என்ற பக்கத்தில் நின்றுகொண்டு எச்ரெஃப்="வெயில்" என்று பார்த்தால் அது /செய்தி/2024/வெயில். எச்ரெஃப்="../2023/" என்றால் /செய்தி/2023/. சாய்கோட்டில் தொடங்கினால் தளத்தின் வேரிலிருந்து எண்ண வேண்டும். கேள்விக்குறியில் தொடங்கினால் அதே பக்கம், கேள்வி மட்டும் மாறும். இதற்கான விதிகள் 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கின்றன. அவற்றை நாமே எழுத வேண்டாம். பைத்தானில் யூஆர்எல்ஜாயின் என்ற ஃபங்ஷன் பக்கத்தின் முகவரியையும் துண்டையும் வாங்கிக்கொண்டு முழு முகவரியாக்கித் தந்துவிடும். பக்கத்தின் மேலே பேஸ் என்ற டேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் பக்கத்தின் முகவரிக்குப் பதில் அதில் உள்ள முகவரியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

அப்புறம் சல்லடை. # குறியில் தொடங்குபவை அதே பக்கத்தின் வேறொரு இடத்துக்குப் போகின்றன. மெயில்டூ:, டெல்:, ஜாவாஸ்கிரிப்ட்: என்று தொடங்குபவை பக்கங்களே அல்ல. எது வேண்டும், எது வேண்டாம் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

## அப்போது ரெகெக்ஸுக்கு வேலையே இல்லையா

இருக்கிறது. நீங்களே உருவாக்கிய பக்கங்கள், ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கின்றன, அதில் எச்ரெஃப் எல்லாம் இரட்டை மேற்கோளில்தான் வரும் என்று நிச்சயமாகத் தெரியும் என்றால் எச்ரெஃப்="([^"]*)" போதும். ஒரு கோப்பைத் திறந்து, எடிட்டரின் தேடல் பெட்டியில் இதைப் போட்டு, வந்த நாற்பது ஐம்பது லிங்க்குகளைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட்டு மூடிவிடும் வேலைக்கு நூலகம் நிறுவிக்கொண்டிருப்பது வீண். தப்பாக ஒன்றிரண்டு வந்தால் யார் கவனிப்பார்கள் என்ற கேள்விக்கு "நானே கவனிப்பேன்" என்று பதில் இருந்தால் தயங்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் "யாரும் கவனிக்க மாட்டார்கள்" என்பது பதிலானால், அதாவது முன்பின் தெரியாதவர்களின் பக்கங்களை இரவோடு இரவாகத் தானே ஓடி எடுக்கும் நிரல் என்றால், பார்சர்தான்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடித்த முறை. லிங்க்குகளைப் பார்சர் எடுக்கட்டும். முழு முகவரியாக்கிய பிறகு, அதில் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் வடிகட்டு, /செய்தி/ க்குப் பின்னால் நான்கு இலக்க ஆண்டு வருபவற்றை மட்டும் கொடு என்ற வேலையை ரெகெக்ஸிடம் விடலாம். அங்கே கமெண்டும் இல்லை, ஸ்கிரிப்டும் இல்லை. கையில் இருப்பது ஒற்றை முகவரி, கேட்பது அதன் வடிவத்தை.

இரண்டுக்கும் எட்டாத லிங்க்குகளும் உண்டு. சர்வரிலிருந்து வந்த எழுத்தில் எதுவும் இல்லாமல், பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ஓடி உருவாக்கும் லிங்க்குகள் அவை. பிரவுசரில் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்குக் கிடைக்கவில்லை என்றால் பேட்டர்னைத் திருத்திக்கொண்டிருக்காமல், மூலத்தைத் திறந்து அந்த லிங்க் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், பக்கத்தை ஓடவிட்டு அதன்பிறகு லிங்க்குகளைக் கேட்கும் கருவி வேண்டும். திரையில்லாமல் இயங்கும் பிரவுசர்கள் அதற்கென்றே இருக்கின்றன.